அம்மா எழும்பாத காலை

அம்மாவுக்கு எங்கள் மேல் விருப்பம் விட்டுப்போயிற்று என்று நான் முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது. திருகோணமலைத் துறைமுகம் நிறைய வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்கள் நின்ற காலம் அது. துறைமுகப் பட்டறையில் இரும்பு வேலை செய்த அப்பா விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலெல்லாம் வீட்டில் அம்மா, நான், இரண்டு வயதுத் தம்பி.

அம்மா முன்பு அப்படி இல்லை. மீன்காரனோடு சண்டை பிடித்து, பிறகு அவனையே சிரிக்கவைத்து அனுப்புவார். வேலியருகே நின்று பக்கத்து வீட்டு முஸ்லிம் மாமியோடு கதைக்கத் தொடங்கினால் சோறு கரிவதுகூடத் தெரியாது. இரண்டு மூன்று மாதத்துக்குள் எல்லாம் வற்றிப்போயிற்று. குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்தபடி இருப்பார். தம்பி அழுதால் திரும்பிப் பார்ப்பார், தூக்கமாட்டார். வகுப்பில் நான் முதலாவதாக வந்ததைச் சொன்னபோது "ம்" என்றார். கோபித்திருந்தாலாவது எனக்கு விளங்கியிருக்கும்.

அப்பாவின் தமக்கை வந்து பார்த்துவிட்டுச் சோம்பல் என்றார். உலகத்திலுள்ள நோய்கள் அத்தனைக்கும் அவரிடம் அந்த ஒரு பெயர்தான் இருந்தது. யப்பான்காரன் வரப்போகிறான் என்ற பயம் என்றார் அப்பா. நான் நம்பவில்லை. பயந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் காலை, தம்பிக்குப் பாணைத் தேநீரில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு ஊதியது. அவனைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டு வளவில் வெட்டியிருந்த பதுங்கு குழிக்கு ஓடினேன். அம்மா பின்னால் வருகிறார் என்றுதான் நினைத்தேன். குழிக்குள் இறங்கித் திரும்பினால் ஆளில்லை. தம்பியை மாமியின் மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

அம்மா அதே சுவரில் சாய்ந்தபடி இருந்தார்.

"எழும்புங்கோ அம்மா. குண்டு போடப் போறாங்கள்."

"நீ போ. எனக்கு ஏலாது."

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தடுக்கவுமில்லை, எழும்பவுமில்லை. வானத்தில் இரைச்சல் கிட்டக் கிட்ட வந்தது.

"நாங்கள் செத்துப்போனால்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நேராகப் பார்த்தார். "சாவம்," என்றார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

அப்போதுதான் முதல் குண்டு விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. கூரையிலிருந்து ஓடுகள் சரிந்து எனக்கும் அவருக்கும் நடுவில் உடைந்தன. அம்மா கண் இமைக்கவில்லை. நான் அவர் கையை விட்டேன். விட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா எங்க புள்ள?" என்று மாமி கேட்டார்.

"வரமாட்டாவாம்."

மாமி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, உள்ளே எல்லோரும் கத்தக் கத்த, குழியை விட்டு ஏறிப் போனார். அடுத்த குண்டும் அதற்கடுத்ததும் விழுந்தன. இரண்டு பேரும் இனி வரமாட்டார்கள் என்று நான் எண்ணத் தொடங்கிய வேளையில், மாமி அம்மாவைச் சின்னப் பிள்ளையைப்போல் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பஞ்சு மாதிரி இருக்கா," என்றார். பிறகு, விலகிக் கிடந்த சேலையைச் சரிசெய்யப் போனவரின் கை அப்படியே நின்றது. அம்மாவின் தோளிலும் காலிலும் கருநீலமாய்க் கன்றிய தடங்கள், சில பழையவை, சில புதியவை. குழிக்குள் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எனக்கே விளங்கியது.

அப்பா பின்னேரம்தான் வந்தார். எண்ணெய்த் தாங்கிகள் இருந்த சீனன்குடாப் பக்கம் கரும்புகை இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கரி, ஒரு காலில் செருப்பில்லை. வாசலிலேயே மாமியின் புருஷன் வழிமறித்தார்.

"நீங்க அவங்களுக்கு அடிக்கிறீங்களா?"

அப்பா சண்டைக்குப் போவார் என்று நான் பயந்தேன். அவர் நேரே உள்ளே போய், அம்மாவின் சட்டைக் கையை மேலே சுருட்டிப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அம்மாவை அவர் பார்த்து எத்தனையோ நாள். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரே காலிசெய்துகொண்டு போனபோது நாங்களும் லொறியில் ஏறிக் கண்டிக்குப் போனோம். அங்கே ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அந்தக் கன்றல்களும் அதனால்தானாம். மருந்தில்லை. அப்பாவின் இரத்தத்தை எடுத்து அம்மாவுக்கு ஏற்றினார்கள். அது சில நாளைக்குத்தான் தாங்கும் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள்.

நான் அம்மாவின் கட்டிலுக்குக் கிட்டப் போவதில்லை. அந்த "சாவம்" எனக்கு மறக்கவில்லை. நானும் கையை விட்டு ஓடியவள்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன்.

இரத்தம் ஏற்றியதற்கு மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. கண்கள் என்னைத் தேடின. பக்கத்தில் இருத்தி, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குண்டு விழுந்த அண்டைக்கு நீ நல்லாப் பயந்திட்டியோ?"

"இல்லை," என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அம்மா மெல்லத் தலையசைத்தார். நான் எழுந்து வெளியே போனேன். ஒரு கிழமைக்குள் அவர் பழையபடி சுவரைப் பார்க்கத் தொடங்கினார். அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதமே போய்விட்டார்.

அந்த நோய் உடம்பைத் தின்னுமுன் மனத்தின் விருப்பங்களைத் தின்றுவிடுவதுண்டு என்று வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் எனக்கு விளக்கினார். கேட்க வேண்டும் என்ற எண்ணம் அம்மாவுக்குத் திரும்பி வந்ததே அப்பாவின் இரத்தம் தாங்கிய அந்தச் சில நாளைக்குத்தான். அதில் அவர் கேட்டது அந்த ஒன்றை.