மாணிக்கம் அண்ணன் மூன்று முறை போட்ட படம்

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கராடியில் வாழ்க்கைப்பட்ட மாணிக்கம் அண்ணனின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு." எங்கே என்று கேட்டுவிட்டேன். எழுபது வயதிலும் ஓரிடத்தில் நிற்காத மனிதர் அவர்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வடக்கே வந்து, கட்கித் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தோம். ஓடாத எதைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும். "நின்னா பழுதுடா, தட்டு" என்பார். ஒரு கல்யாண வீட்டில் நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தவர், தாலி கட்டியதைப் பார்க்கவே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஞாயிறு மதியப் படம் அவர் பொறுப்பு. சண்டைப் படமாகப் போட்டுப் போட்டுக் கூட்டம் தேய்ந்தது. "இன்னிக்கும் ஜனம் பாதியில எழுந்து போச்சுன்னா, அடுத்த வாரத்திலேர்ந்து ஹால்ல கேரம்தான்" என்று தலைவர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அந்த ஞாயிறுதான் உயிர். பக்கத்து வீட்டில் குடியிருந்த, சினிமா படிக்கும் பெண்ணிடம் "உலகத்திலேயே நல்ல படமா ஒண்ணு குடும்மா" என்று கேட்டு ஓர் ஈரானியப் படத்தின் கேசட்டை வாங்கி வந்தார். முன்கூட்டியே தனியாகப் பார்ப்பது எல்லாருக்கும் செய்கிற துரோகம் என்பது அவர் கொள்கை.

மொட்டைக் குன்று. ஒரு வீடு, மூடிய கதவு. எதிரே ஸ்டூலில் ஒரு பெரியவர். பேச்சில்லை, பாட்டில்லை. மூன்று நிமிடம் போயிற்று.

"அரே, விசிஆர் பந்த் ஆயிடுச்சு!" என்றது பின்வரிசை.

அண்ணன் எழுந்து பெட்டியைத் தட்டினார். கேசட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டால் ஹெட்டைத் துடைத்து, முதலிலிருந்து போட்டார். "பாதியிலேர்ந்து போட்டா கதை புரியாது" என்றார். மறுபடி குன்று, வீடு, பெரியவர். மறுபடி துடைத்தார். மூன்றாம் முறையும் அதே குன்று. அவர் ஸ்குரூ டிரைவரோடு குனிந்தபோது நாலு பேர் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். தலைவர் கேரம் போர்டு இருந்த அலமாரியைப் பார்த்தார். அண்ணன் பெட்டியின் முதல் ஸ்குரூவைக் கழற்றினார்.

அப்போதுதான் அவர் மனைவி சரோஜா அண்ணி கத்தினார்: "யோவ், கையை எடுய்யா! மூலையில நாய் வாலாட்டுது பாரு! படம் ஓடிட்டுத்தான் இருக்கு!"

ஆமாம், ஆட்டியது. ஹாலே கைதட்டியது. செருப்பைத் தேடியவர்கள் உட்கார்ந்தார்கள். அடுத்து எது அசையும் என்று எல்லாரும் டிவியை முறைத்தோம், ஒருவர்கூட எழவில்லை. கடைசியில் அந்தக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது, படம் முடிந்தது. உள்ளே இருந்தது பெண்டாட்டியா மாமியாரா என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு மாதம் சண்டை. கேரம் போர்டு அலமாரியிலேயே கிடந்தது.

அதன்பின் அண்ணன் மாறிப்போனார். மெஷின் நின்றாலும் சரி, என் மகள் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, "தட்டாதே. மொதல்ல வால் ஆடுதான்னு பாரு" என்பார். அவருடைய ஸ்குரூ டிரைவர் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். தட்டுவதற்கு முன் உட்கார்ந்து பார்க்கிற அந்தப் பொறுமையை நான் வைத்துக்கொண்டேன்.

நேற்று விஷ்ராந்த்வாடியில் அவர் வீட்டு ஐஸ் பெட்டிக்குள் அவர் அசையாமல் கிடந்தார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் அவர் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நானும் காலையிலேர்ந்து பார்த்துட்டேதான் இருக்கேன் தம்பி. ஆடல."