பனி மூடிய வீட்டில் ராஜம் அண்ணி

போன வாரம் ஒரு மத்தியானம், ராயபுரத்தில் கரண்ட் போய்விட்டது. அக்னி நட்சத்திர வெயில். கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று பெயர்தான். காற்று மட்டும் எங்கேயோ லீவில் போயிருந்தது.

மாடிப்படி நிழலில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கீழ் வீட்டுக் கைருன்னிசா. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்.

“ஏங்கா, நீ வடக்கே மலைல இருந்தவ தானே? பனி கொட்டறப்ப இன்னா சத்தம் வரும்?”

விசிறியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னேன். மழைக்குச் சத்தம் உண்டு. கடலுக்கு உண்டு. பனிக்கு? யோசித்துப் பார்த்தால், பனி கொட்டும்போது புதிதாக ஒரு சத்தமும் வராது... அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஓடைச் சத்தம், நாய் குரைப்பது, யாரோ விறகு பிளப்பது — எல்லாம்.

“அப்ப செவிடு ஆயிட்டாப்ல இருக்கும்னு சொல்லு” என்றாள் கைருன்னிசா.

இல்லை. யாரோ நம்மைக் கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டது போல இருக்கும். அப்படி ஒரு குளிர்காலம் முழுக்க நான் அலமாரிக்குள் இருந்தேன். தனியாக இல்லை. கூடவே என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு வானிலை ஆபீசில் வேலை. கல்யாணம் ஆன புதுசிலேயே இமயமலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலும் நீங்கள் மேப்பில் தேட வேண்டியிருக்கும். தேவதாரு மரங்களுக்கு நடுவே முப்பது நாற்பது வீடுகள், ஒரு கடை, கோடையில் மட்டும் வரும் ஒரு பஸ். எங்கள் வீட்டுக்கு மேலே, மலை முகட்டில் அவருடைய ஆபீஸ். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு பனி விழுந்தது என்று தினமும் அளந்து தந்தியில் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம், கடைசி பஸ்ஸில் ராஜம் அண்ணி வந்து இறங்கினாள். அவருக்கு அக்கா. திருவொற்றியூரில் குடித்தனம். புருஷன் கோவிந்தன் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை காசிமேட்டுக் கருவாடு. எதற்கு வந்தாள், எத்தனை நாள் இருப்பாள் — ஒன்றும் சொல்லவில்லை.

“தம்பி வூட்டுக்கு வர்றதுக்கு காரணம் சொல்லணுமா?” என்று ஒரு கேள்வி. அத்தோடு எங்கள் வாயை அடைத்துவிட்டாள்.

எனக்கும் அவளுக்கும் ஆகவில்லை. பெரிய சண்டையெல்லாம் இல்லை. என் ரசத்தில் உப்பில்லை, அவள் குழம்பில் காரம் அதிகம், நான் கதவைச் சாத்தினால் அவள் திறப்பாள்... அவ்வளவுதான். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் பேசாமல் இருக்க எத்தனை அறைகள் வேண்டும்? எங்களுக்கு இருந்தது ஒன்று. அடுப்பு இருந்த அறை. மற்ற அறையில் உட்கார்ந்தால் விரல் விறைத்துவிடும்.

பஸ் நின்று கொஞ்ச நாளில் முதல் பனி விழுந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தேன். எதிர்ச் சரிவைக் காணோம். வேலியைக் காணோம். பாதையைக் காணோம். காற்றே இல்லாமல், அவசரமே இல்லாமல், வானம் உதிர்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன். ஒரு பூ விழுந்து, நான் பார்க்கும்போதே தண்ணீராகி ஓடியது.

பின்னால் அண்ணி வந்து நின்றாள். என்னைப் போலவே அவளும் கையை நீட்டிப் பார்த்தாள்.

“நம்ம ஊரு பனி தல மேல எறங்கும்” என்றாள் கடைசியில். “இது ஊரு மேலயே எறங்குது.”

ஒரு மாதத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. கம்பளிக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் புடவை. பனியை அள்ளி வந்து உருக்கித்தான் தண்ணீர். அண்டா நிறைய அள்ளிப் போட்டால் ஒரு செம்பு தேறும். மத்தியானம் மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகிவிடும். அந்த நீல வெளிச்சத்தில் அடுப்பு எதிரே உட்கார்ந்தால், விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. தூரத்தில் ஹார்பர் சங்கு ஊதுவது போல எனக்குக் கேட்கும். அண்ணிக்கு ஃபேக்டரி சங்கு கேட்குமாம். எந்த ஷிப்ட் என்றுகூடச் சொல்வாள்.

அப்புறம்தான் பெரிய புயல் வந்தது.

அன்று விடிந்ததும் அவர் அளவெடுக்க முகட்டுக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அதுவரை மேலிருந்து விழுந்த பனி, இப்போது பக்கவாட்டில் வந்தது. கதவைத் திறந்தால் வெளியே வெள்ளைச் சுவர். மாலையில் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மேலே விறகு உண்டு, மாவு உண்டு, கூட ஒரு ஆள் உண்டு... எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் போய்ச் சேர்ந்தாரா? வழியிலேயே காற்று பிடித்துக்கொண்டதா? அது எனக்குத் தெரியாது.

“போயிருப்பான்” என்றாள் அண்ணி. “சின்ன வயசுலயே மழைக்கு முன்ன வூட்டுக்கு ஓடியாற பய.”

ஆறுதலாக அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவளே கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் காலை, கூரை முனகியது.

அந்த ஊரில் மண் கூரை. மொட்டை மாடி மாதிரித் தட்டையாக, மர உத்தரத்தின் மேல் மண் அடித்தது. வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த மலைக்காரம்மாள் குளிர் ஆரம்பத்திலேயே ஒரு பெரிய மரத் துடுப்பைக் கொடுத்து, கூரையைக் காட்டி, தள்ளு தள்ளு என்று கையால் சைகை செய்துவிட்டுப் போனாள். நாங்கள் அதைத் துணி உலர்த்தும் கொம்பாக வைத்திருந்தோம். இப்போது உத்தரத்திலிருந்து மண் உதிர்ந்து குழம்பில் விழுந்தது. இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

“பாரம் ஏறிப்போச்சு” என்றாள் அண்ணி. “தள்ளலன்னா நம்ம மேல உக்காந்துடும்.”

வராந்தாவில் சார்த்தியிருந்த ஏணியில் இருவரும் ஏறினோம். அண்ணி தன் தம்பியின் பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தாள். மேலே இடுப்பளவு பனி. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது, ஆனால் பனி மட்டும் நிற்கவில்லை. அவளிடம் துடுப்பு, என்னிடம் ஒரு பழைய தகரம். வெட்டித் தள்ள, வெட்டித் தள்ள, கீழே ஒரு குன்று எழும்பியது.

நான் இந்தக் கோடியில். அவள் அந்தக் கோடியில். ஒருமுறை நிமிர்ந்தபோது சிவப்புத் துண்டு தெரிந்தது. அடுத்த முறை நிமிர்ந்தேன் — தெரியவில்லை.

துடுப்பு மட்டும் விளிம்பில் கிடந்தது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். கீழே நாங்கள் தள்ளிய குன்றில் ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்துப் பனி சரிந்து அதை மூடியது. பின்பக்கமாகவே நடந்து போயிருக்கிறாள், கூரை முடிந்தது தெரியாமல்.

எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. கையால் தோண்டினேன். அள்ள அள்ள மேலிருந்து சரிந்தது. விரல் மரத்துப்போய், என் கை என்னுடையது மாதிரியே இல்லை. அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது — இந்த மனுஷியிடம் இத்தனை நாளில் நல்லபடியாக ஒரு வார்த்தை பேசவில்லையே.

முதலில் துண்டு வந்தது. அப்புறம் ஒரு கை. கோட்டைப் பிடித்து இழுத்தேன். மூக்கிலும் வாயிலும் இருந்த பனியைத் துடைத்தேன். உதடு நீலமாக இருந்தது. கன்னத்தில் தட்டினேன். அப்புறம், மரியாதை பார்க்காமல், நன்றாகவே ஓர் அறை விட்டேன்.

கண்ணைத் திறந்தாள்.

“வசந்தா... செத்துட்டனா?”

“இல்ல அண்ணி.”

“அப்பால ஏன் இம்மாம் வெள்ளையா கீது?”

நான் சிரித்தேனா, அழுதேனா... இரண்டும்தான். அந்தக் குன்றின் மேலேயே இருவரும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூச்சு சரியானதும் மறுபடி மேலே ஏறி மிச்சப் பனியையும் தள்ளினோம், இந்த முறை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு. ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம். தள்ளி முடிக்கும்போது முகட்டில் மேகம் கொஞ்சம் விலகியது. ஆபீஸ் புகைபோக்கியிலிருந்து புகை, நூல் மாதிரி, நேராக மேலே போனது.

“பாத்தியா, போயிருப்பான்னு சொன்னேன்ல” என்றாள் அண்ணி.

அன்று அடுப்பு எதிரே, ஒரே கம்பளிக்குள், அவள் தானாகவே பேசினாள்.

“எங்க வூட்ல கொயந்த இல்ல. உனுக்குத் தெரியும். மாமியா வேற பொண்ணு பாக்கணும்னுச்சு. என்ன வெச்சிகினே சொல்லுது. நான் இட்லி வெச்சிகினு கீறேன்... அந்த ஆளு துன்னுகினு கீது.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. இன்னொரு இட்லி கேட்டுது.”

அடுப்பில் கட்டை சரிந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“வேணும்னு சொல்லி இருந்தாகூட சண்ட போட்டிருப்பேன். வேணாம்னு சொல்லி இருந்தா அங்கியே கெடந்திருப்பேன். ஒண்ணுமே சொல்லலன்னா, ஒரு பொம்பள இன்னாதான் பண்றது?”

அவள் தலையில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டியது. துண்டால் துவட்டிவிட்டேன். குழந்தை மாதிரித் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புயல் ஓய்ந்ததும் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றார்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? வானம் கழுவிவிட்ட நீலம். மரங்கள் ஒவ்வொன்றாகப் பனியைத் தோளிலிருந்து நழுவவிடும்... பொத்தென்று ஒன்று, வெகு நேரம் கழித்து இன்னொன்று. வெயிலில் கண் கூசும். நானும் அண்ணியும் கூரையில் உட்கார்ந்து, கருவாட்டை வாட்டிக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஊருக்கே மணக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான், கீழே வளைவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பாதையைத் திறக்கும் கூலியாட்கள். வரிசையாக மண்வெட்டியால் பனியை வெட்டி ஒதுக்கிக்கொண்டே ஏறி வந்தார்கள். கிட்டே வர வர, மலைக்காரர்களின் கம்பளித் தொப்பிகள் தெரிந்தன. நடுவே ஒருவர் மட்டும் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார், நம் ஹார்பரில் மழைநாளில் மூட்டை தூக்குகிறவர்கள் போல.

இந்த ஊரில் கோணிப்பையைத் தலையில் கவிழ்க்கிறவர் யார்?

திரும்பி அண்ணியைப் பார்த்தேன். கருவாடு கையிலேயே நின்றிருந்தது.

“இடது தோள எறக்கி நடக்குது பாரு” என்றாள் மெதுவாக. “அந்த ஆளுதான்.”

கோவிந்தனேதான். பேசின் பிரிட்ஜைத் தாண்டினாலே ஊர் விட்டு ஊர் போவதாக நினைக்கிற மனுஷன். ஊர்ப் பெயர் ஒன்றை மட்டும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொல்லிக்கொண்டே ரயில் மாறி, மலையடிவாரம் வரை வந்துவிட்டார். அங்கே பாதை மூடிக்கிடந்தது. எப்போது திறக்கும் என்று கேட்க பாஷை தெரியவில்லை. மண்வெட்டியோடு ஆட்கள் போவதைப் பார்த்திருக்கிறார். தானும் ஒன்றை வாங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துவிட்டார். இதெல்லாம் அவரைக் கிளறிக் கிளறி நாங்கள் பிறகு தெரிந்துகொண்டது.

அப்போது அவர் வாசலில் வந்து நின்றார். பனியில் பட்டுத் தெறித்த வெயிலில் முகம் வெந்து தோல் உரிந்திருந்தது. உள்ளங்கையில் கந்தல் சுற்றியிருந்தது. அண்ணி கீழே இறங்கி வந்து நிலைப்படியில் நின்றாள். வழிவிடவில்லை.

“இன்னா?”

“வந்தேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

அவர் தன் காலைப் பார்த்தார். கூலியாட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். பாஷை புரியாவிட்டாலும், இது நின்று பார்க்க வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

“அம்மா கைல சொல்ட்டேன்.”

“இன்னான்னு?”

“வேற பொண்ணு பாக்க வேணாம்னு.” செருமிக்கொண்டார். “எனுக்கு ராஜம் போதும்னு.”

அண்ணி அவர் முகத்தையும் கந்தல் சுற்றிய கையையும் பார்த்தாள். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“இத்த அன்னிக்கே அங்க குந்திகினு சொல்லி இருந்தா, இம்மாம் தூரம் மண்வெட்டி தூக்கிகினு வந்திருக்க வேணாம்ல?” என்றாள் அண்ணி.

அண்ணி அருகே போய், கோணிப்பையை அவர் தலையிலிருந்து எடுத்து உதறினாள். தன் சால்வையைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள்.

“உள்ள வா. காலு மரத்துப் பூடும்.”

பஸ் ஓடத் தொடங்கியதும் இருவரும் புறப்பட்டார்கள். மாமியார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அப்புறம் பேசினாராம். குழந்தை பிறக்கவில்லை. திருவொற்றியூரில் அவர்கள் இரண்டு பேராகவே இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போயிருந்தேன். மீன் குழம்பில் அதே காரம். கோவிந்தன் சாப்பிட்டுவிட்டு, யாரும் கேட்காமலேயே, “ராஜம், கொயம்பு நல்லா கீது” என்றார்.

வீட்டில் வாய் திறக்க யோசிக்கும் கணவன்மார்களுக்கு ஒரு தகவல் — அந்த ஊருக்குக் குளிர்காலத்தில் இன்னமும் பஸ் விடவில்லை.