தாய்மாமனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை வீட்டில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வார்டில் உள்ள பிள்ளைகள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். அவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

தாம்பரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடுகளுக்கான பகல்நேர வார்டில் நான் உதவியாளர். நர்ஸ் இல்லை. வருகிறவர்கள் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'அக்கான்னு கூப்பிடுங்க' என்று திருத்துவேன், அவர்கள் கூப்பிட்டது நிஜ சிஸ்டர் காதில் விழுந்துவிட்டால் அன்றைக்கு எனக்குப் பொழுது நன்றாக விடிந்த மாதிரிதான். எடை பார்க்க வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், ரத்த வங்கிக்குப் போய்ப் பையை வாங்கிவர வேண்டும், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பை இறங்கும் நாலு மணி நேரமும் பிள்ளைக்குக் குளிர் எடுக்கிறதா, தடிப்பு வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரும்பாலும் தலசீமியா பிள்ளைகள். அந்த உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே ஒழுங்காகச் செய்துகொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தம் ஏற்ற வேண்டும். அந்த ரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதை இறக்கத் தினமும் மாத்திரை. இதை நான் யாருக்காவது விளக்காத வாரம் இல்லை. மறுமுறை அதே ஆள் இரும்புச்சத்து டானிக்கோடு வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம், ரத்தம் ஊறுமாம். பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் சில்லறைக் கோபம். நான் சொல்ல வந்தது வேறு.

கோவிலம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் இரண்டு பெண்களோடு சனிக்கிழமைகளில் வருவார். சின்னவளுக்குத்தான் நோய். பிளஸ் ஒன் படிக்கிறாள், மூன்றாம் படுக்கை. கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொள்கிறவள். பெரியவள் குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். தங்கையின் கனத்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவது அவள்தான்.

பல வருஷத்துக்கு முன் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பரிசோதனை செய்திருந்தோம். அப்பா, அம்மா, பெரியவள் மூவருக்குமே நோய் இல்லை. ஆனால் நோயின் பாதி அவர்கள் ரத்தத்தில் இருந்தது. ஆளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இப்படிப் பாதி உள்ள இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முழு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பெரியவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டை அம்மாவிடம் கொடுத்து, பெண் வளர்ந்ததும் சொல்லுங்கள் என்று டாக்டர் விளக்கி அனுப்பினார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா லட்டு டப்பாவோடு வந்தார்.

"பெரியவளுக்கு முடிவாயிடுச்சுக்கா. என் தம்பிக்கே குடுக்கறோம். மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனியில கீறான். தையில கல்யாணம்."

கையில் எடுத்த லட்டை மறுபடி டப்பாவிலேயே வைத்தேன். அம்மாவின் ரத்தத்தில் அந்தப் பாதி இருக்கிறது என்றால் கூடப்பிறந்த தம்பியிடமும் இருக்கலாம். தெருவில் போகிற எவனையும்விட அவனிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "புதன்கிழமை பொண்ணையும் மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க, நான் பேசறேன்" என்றார். இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசுவதற்கென்றே ஒரு கவுன்சலர் இருந்தார்; அவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாற்காலி மட்டும் இருக்கிறது, அதில் நாங்கள் போர்வைகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.

புதன்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. போன் செய்தால் அந்த அம்மா, "லீவு கெடைக்கலக்கா, வந்துடறோம்" என்றார். பெரியவளிடம் நானே சொல்லிவிடலாம் என்றால், ரிப்போர்ட்டைப் பற்றி உதவியாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். சட்டம் போட்டவர்கள் நல்லதுக்குத்தான் போட்டிருப்பார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா சின்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். ரத்தம் ஏற ஆரம்பித்ததும், "கொஞ்சம் வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு மூன்றாம் படுக்கையின் திரைக்கு இந்தப் பக்கம் வந்தேன். எங்கள் வார்டில் தனியாகப் பேச ஓர் அறை கிடையாது. திரையை இழுத்துவிட்டால் சுவர் எழுப்பிவிட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொள்வோம். டாக்டர்கூட அப்படித்தான்.

"தம்பிக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

"அவனுக்கு இன்னாத்துக்கு டெஸ்டு? கல்லு மாதிரி கீறான்."

"நீங்களும் கல்லு மாதிரிதான் இருக்கீங்க. உங்க ரத்தத்துல இல்லையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. வெளியில குடுத்தா, கூடப் பொறந்தவளுக்கு ரத்தம் ஏத்துறாங்களாமே, இவளுக்கு எப்படின்னு நோண்டுவான். டெஸ்டு எடுன்னுவான். என் தம்பி ஒரு வார்த்தை கேக்க மாட்டான். அதுக்குத்தான் அவனுக்கே குடுக்கறேன்."

கேட்க வேண்டிய கேள்வியை எவன் கேட்கமாட்டானோ அவனாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார். பாம்புக்குப் பயந்து புற்றுக்குள்ளேயே கையை விடுகிற வேலை. அதையும் எவ்வளவு நல்ல மனசோடு செய்கிறார்!

"பெரியவளுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆவட்டும். மெதுவா சொல்லிக்கலாம்."

அப்போது எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஊசி போட இடமில்லாமல் கை கையாகத் தேடியது, பரீட்சை நாளில் மயங்கி விழுந்தது, போன மழைக்குப் பல்லாவரத்தில் பஸ் நின்றுபோய் முழங்கால் தண்ணீரில் நடந்து ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்தது, எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது.

"சின்னவ படற பாட்டை பதினாறு வருஷமா கண்ணால பாக்கறீங்களே! இன்னொண்ணும் இப்படித்தான் பொறக்கணுமா? இப்படிப் பொறந்து கஷ்டப்படறதுக்குப் பொறக்காமலே இருக்கலாம்!"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் திரையை விலக்கினேன். சின்னவள் ஒரு காதிலிருந்து எடுத்த இயர்ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ கீதுக்கா?" என்று கேட்டாள்.

"பாதி" என்றேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நாலாம் படுக்கைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஃபோன்ல அழறாங்க அந்தம்மா. கவுன்சலிங் உங்க வேலை இல்ல" என்றார். "அப்ப யார் வேலை சார்?" என்றேன். அவர் அடுத்த ஃபைலைத் திறந்தார். அவரும் நல்ல மனிதர்தான். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. அந்த அம்மா மேல், காலியான நாற்காலி மேல், எல்லாவற்றுக்கும் மேல் என் வாய் மேல்.

மார்கழியில் அவர்கள் முறை வந்தது. அம்மா வரவில்லை. சின்னவள் முன்னால் வந்தாள், பின்னால் ஃபைலோடு பெரியவள், அவளுக்கும் பின்னால் கம்பெனிச் சட்டையோடு ஓர் ஆள்.

"எங்க மாமா. டெஸ்டு எடுக்கணும்" என்றாள் சின்னவள். "அன்னிக்கு வூட்டுக்குப் போனதுமே அக்காகிட்ட சொல்லிட்டேன்."

பெரியவள் ஃபைலை என் மேஜையில் வைத்தாள். "இத்தினி வருஷமா இதத் தூக்கினு வந்தவ நானு. உங்கள்ல ஒருத்தருக்குக்கூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?" அந்த 'உங்கள்ல' என்பதில் நானும் இருந்தேன். மாமன் மட்டும் சாதுவாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கையிலதான எடுப்பாங்க?" என்று கேட்டார்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. அவரிடமும் அந்தப் பாதி இருந்தது. தையில் கல்யாணம் நடக்கவில்லை. நடக்கவே நடக்காது என்று சொல்லிவிட முடியாது. குழந்தை உண்டானால் வயிற்றில் இருக்கும்போதே டெஸ்ட் எடுத்துப் பார்க்க வழி உண்டு, டாக்டரோடு இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்துகொண்டு பேசுகிறார்கள், எனக்கு அது போதும்.

ஆனால் என் மனசில் நிற்பது அந்த மார்கழிச் சனிக்கிழமைதான். ரத்தம் ஏற ஆரம்பித்ததும் நான் சின்னவளின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புடா கண்ணு" என்றேன்.

"நான் அக்காகிட்ட சொன்னது, அதோட கொழந்தைக்கு இந்த ஊசி வேணாமேன்னுதான். நான் பொறந்திருக்கக் கூடாதுன்னு இல்ல. அது வேற, இது வேற."

"தெரியும்டா. கோபத்துல வாய் தவறிடுச்சு."

"நீங்க கத்துவீங்க, அது எனக்குத் தெரியும். டானிக் குடிச்சாலும் கத்துவீங்க, மாத்திர மறந்தாலும் கத்துவீங்க." அவள் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க அப்படிச் சொன்னதும், 'அப்படிச் சொல்லாதீங்க'ன்னு எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லும்னு காதுல இருந்ததக் கழட்டிட்டுக் கேட்டுகினே இருந்தேன்கா. சொல்லவே இல்ல."