பின்னோக்கிச் சுற்றிய சக்கரம்

கண்புரை அறுவைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் கூடாதென்று மகன் சாவியை வாங்கிக்கொண்டான். அதனால் லைசென்ஸ் தேவையில்லாத பேட்டரி வண்டி ஒன்று வாங்கினேன். பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். பதினான்கு மாதம் ஓடியது. ஞாயிறுதோறும் மனைவியைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போவேன். தன் கையால் செவுளைத் தூக்கிப் பார்த்து அவள் மீன் வாங்குவாள். முழங்கால் தேய்ந்தவள், பஸ் படி ஏற முடியாது.

பிறகு வந்த பெருமழையில் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வண்டி செத்தது. விற்றவன் கடையை மூடிவிட்டுப் போயிருந்தான். ஒன்பது ஞாயிறு மகன் மீன் வாங்கி வந்தான். ஏழு முறை செவுள் வெளுத்த மீன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரர இட்டாரேன்பா. இந்த வண்டி எடத்த அடைச்சிகினு கீது" என்றான்.

அன்று மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி, தண்ணீரில் கெட்டுப்போன, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கு மாற்று ஒன்றைப் பிடித்தேன். மகன் வேலைக்குப் போயிருந்த சனிக்கிழமை பிற்பகல் வண்ணாரப்பேட்டையிலிருந்து யுபிஎஸ் பழுது பார்க்கும் பாய் வீட்டுக்கே வந்தார். மோட்டாரிலிருந்து தடித்த ஒயர் மூன்று, மெல்லிய ஒயர் ஐந்து. பெட்டியின் ஒயர்களோடு நிறத்துக்கு நிறம் சேர்த்தார். சக்கரம் உறுமி, நடுங்கி, நின்றது.

"கலர நம்பி மோசம் போய்ட்டோம் நைனா."

"மூணு ஒயரை ஆறு விதமா மாத்தலாம் பாய். குறிச்சிக்கறேன்" என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதினேன்.

"ஆறுலயும் புகை வந்தா?"

"அதையும் குறிச்சிக்கறேன்."

இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றையும் தாளில் அடித்துக்கொண்டே வந்தேன். ஐந்தாவதில் சக்கரம் சத்தமே இல்லாமல், வெண்ணெய் போலச் சுற்றியது. பாய் என் கையைக் குலுக்கினார். நான் சந்தோஷத்தில் தெருவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, அது பின்னாடி சுத்துதே?"

இருவரும் குனிந்து பார்த்தோம். ஆமாம்.

"ரிவர்ஸ்லயே போ நைனா. பின்னாடி குந்திகினு வர்ற அக்காதான் மார்க்கெட்ட மொதல்ல பாக்கும்" என்றார் பாய். அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

மெல்லிய ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி, தடித்தவற்றை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது முயற்சியில், மொத்தக் கணக்கில் எட்டாவதில், சக்கரம் முன்னோக்கி ஓடியது. இம்முறை மூவரும் பார்த்து உறுதி செய்தோம்.

ஞாயிறு காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். வழியில் பதினோரு வேகத்தடை. அவற்றில் "மெதுவா" என்றாள், மற்ற இடமெல்லாம் "இன்னும் கொஞ்சம் வேகமா போனா இன்னா?" என்றாள்.

"இன்னாக்கா, ஆளையே காணோம்? எவகிட்ட மீன் வாங்குன?" என்று மீன்காரம்மா சண்டைக்கு வந்தாள்.

"எம்புள்ள கொண்டாந்தத துன்னேன்டி. அத ஏன் கேக்கற" என்று இவள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கினாள். ஐந்து மீனைத் தள்ளிவிட்டு ஆறாவதை எடுத்தாள்.

செல்போன் அடித்தது. மகன். "எப்பா, காயலான் கடைக்காரர் வந்து நிக்கிறாரு. வண்டி எங்க?"

அவள் போனைப் பிடுங்கினாள். "வண்டி மீன் வாங்க வந்துக்குது. அவர போச்சொல்லிட்டு நீ பூண்டு உரிச்சி வை."