வள்ளத்து நம்பருக்கு விழுந்த சுவீப்

சுவீப் ரிக்கற் விக்கிறவள் ஒருநாளும் பணக்காரி ஆகமாட்டாள். ஆனா ஊரில ஆர் பணக்காரரானா என்ன செய்வினம் எண்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில, பஸ் வந்து திரும்புற இடத்தில, ஒரு குடையும் ஒரு பலகையும் வைச்சு லொத்தர்ச் சீட்டு வித்தவள் நான். வெய்யிலுக்குள்ள குந்தியிருந்து யாவாரம் செய்தவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பரிசு விழாட்டி ஏச்சு எங்களுக்கு, விழுந்தா நன்றி கடவுளுக்கு. எனக்கும் வாய் சும்மா இராது. திருப்பி ஏசிப்போட்டுத்தான் அடுத்த ரிக்கற்றைக் கிழிப்பன்.

விழுந்தா என்ன செய்வியள்?

ரிக்கற் குடுக்கேக்க எல்லாரிட்டயும் இதைத்தான் கேப்பன். கேட்டா ஆக்கள் நிண்டு கதைப்பினம், கதைச்சா இன்னொண்டும் வாங்குவினம். நயினாதீவுக்குப் போற வாத்தியார் ஒராள் கொழும்பில வீடு வாங்குவாராம். நெடுந்தீவில மாடு வளக்கிற மனிசன் ஒராள் மாட்டுக்கு ஓடு போட்ட கொட்டில் கட்டுவாராம். "அப்ப மனிசிக்கு?" எண்டு கேட்டன். "அவளுக்கு இப்ப இருக்கிறது காணும்" எண்டார்.

சூசை அண்ணை மட்டும் கனநாள் ரிக்கற்றை மடியில செருகிக்கொண்டு போயிடுவார். நெடுந்தீவில இருந்து சொந்த வள்ளத்தில மீன் கொண்டுவந்து எங்கட துறையில விக்கிறவர். கண் எப்பவும் சிவந்துபோய்க் கிடக்கும். விடியக் கடல், பின்னேரம் வலை, பொழுதுபட்டா ஆர் வந்து கதவைத் தட்டுவினமோ எண்ட யோசினை. அந்தச் சண்டை வருசங்களில இங்க இருந்தவைக்கு நான் சொல்லவே வேணும்? ஒருநாள் நான் விடாமக் கேக்க, காசைப் பலகையில வைச்சுப்போட்டுச் சொன்னார்: "நித்திரை கொள்ளுவன் தங்கச்சி. ஆர் கதவைத் தட்டினாலும் எழும்பாமல் ஒரு முழு நித்திரை."

வள்ளத்து நம்பர்

மற்ற இடங்களில பிறந்த திகதி பாத்து ரிக்கற் எடுப்பினம். எங்கட கடற்தொழிலாளர் வள்ளத்து நம்பர்தான் எடுப்பினம். வள்ளத்தின்ர முன்பக்கத்தில பதிவு நம்பர் பெரிசா எழுதியிருக்கும். அது முடியிற மாதிரியே முடியிற ரிக்கற் வேணும். ஒராளின்ர நம்பரை மற்றாள் தொடமாட்டார். தொட்டா வலையைக் களவெடுத்த மாதிரி. ரிக்கற் கட்டு வந்தவுடன நானே பிரிச்சு ஒதுக்கி வைப்பன். சூசை அண்ணைக்கு 417.

யாழ்ப்பாணத்தில இருந்து வந்த பெடியன் ஒராள் ஒருநாள் அந்த 417 ஐ எடுக்கக் கை நீட்டினார். எனக்குப் பக்கத்தில கச்சான் கடலை வறுத்து விக்கிற கந்தையா அண்ணை பாய்ஞ்சு தடுத்தார்: "தம்பி, அது ஆள் ஏறின வள்ளம். நீர் இறங்கும்."

பனர்

இரண்டாயிரத்து ஆறில சண்டை திரும்பத் துவங்க, கொழும்புக்குப் போற கண்டி வீதியை மூடினாங்கள். அதுக்குக் கொஞ்சம் முன்னம் வித்த ரிக்கற்றுக்குத்தான் முதற்பரிசு விழுந்தது. கந்தையா அண்ணையின்ர றேடியோ கடைசி மூண்டு இலக்கத்தையும் சொல்ல, நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத் திரும்பிக் கடலைப் பாத்தம். 417 எண்டு முகத்தில எழுதிக்கொண்டு சூசை அண்ணையின்ர வள்ளம் துறைக்கு வருது. துள்ளிக் குதிக்கத்தான் எழும்பினன். எழும்பினபடியே திரும்பக் குந்திட்டன். அந்த நாளையில காசு வந்த வீட்டுக்கு முதல்ல கப்பம் கேட்டு முன்பின் தெரியாத மோட்டார் சைக்கிள் வரும். பிறகு ஆளைக் காணாது.

யாழ்ப்பாணத்து ஏஜென்ற் அடுத்தநாள் பஸ்ஸில பனர் அனுப்பிவிட்டார். 'முதற்பரிசு இங்கேதான் விற்கப்பட்டது' எண்டு, கீழ முழு நம்பரும் சிவப்பில. கோதாரி! அதை நாலாய் மடிச்சு அடியில போட்டு அதுக்கு மேலயே குந்திக்கொண்டன்.

பரிசு எடுக்கக் கொழும்புக்குப் போகவேணும். பாதை மூடினபடியாக் கப்பலில போக ஆமியிட்ட அனுமதி எடுக்கவேணும், என்ன அலுவல் எண்டு சொல்லவேணும். வள்ளத்து நம்பரை அழிக்கவும் ஏலாது. கடலுக்குப் போக நேவி தாற பாஸில அந்த நம்பர்தான் கிடக்கு, அழிச்சாக் காவல் சென்றியில பிடிப்பாங்கள். சூசை அண்ணை என்ர பலகைக்கு முன்னால குனிஞ்சு, ரிக்கற் பாக்கிற மாதிரி நிண்டுகொண்டு சொன்னார்: "சந்தோசப்படவும் பயமாக் கிடக்கு தங்கச்சி. முகத்தை எப்பிடி வைச்சிருக்கிறதெண்டு சொல்லித்தாரும்."

ரெண்டு பேர்

ரெண்டு கிழமை கழிச்சு வந்தாங்கள். மோட்டார் சைக்கிளில ரெண்டு பேர், நல்ல வெளுத்த சேட் போட்ட ஆக்கள். ஏஜென்றிட்ட விசாரிச்சிருப்பாங்கள், ஒருத்தன் கடதாசித் துண்டில நம்பரை எழுதிக்கொண்டு வந்தவன். "இதை ஆருக்கு வித்தனீர்?" எண்டு பவ்வியமாக் கேட்டான். அவனுக்குப் பின்னால, கல்லெறியிற தூரத்தில, சூசை அண்ணையின்ர வள்ளம் கட்டிக் கிடக்கு. இவன் ஒருக்காத் திரும்பினாக் காணும்.

"நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போன சனத்தில ஆரோ வாங்கினது. நான் முகத்தைப் பாத்தே விக்கிறனான்?" எண்டு கத்தினன். பயம் வந்தா எனக்குச் சத்தம் கூடும். கந்தையா அண்ணை கச்சான் சட்டியை விட்டுட்டு எழும்பிப்போய், கரையில கிடந்த ஈர வலையை இழுத்து வள்ளத்தின்ர முன்பக்கத்தில போட்டார். ஒரு நாளும் வலையைத் தொடாத மனிசன். மற்றவன் திரும்பிக் கடலை வடிவாப் பாத்தான். வலை நம்பரை மூடினதோ, பாதிதான் மூடினதோ, எனக்குப் பாக்கத் துணிவு வரேல்லை.

கடைசியா முதலாமவன் சிரிச்சுக்கொண்டு காசை நீட்டினான்: "எனக்கும் ஒண்டு தாரும். நம்பரை நீரே எடும், உம்மட கைராசி நல்லதுபோல கிடக்கு."

திரேசம்மா

அவங்கள் அண்டைக்கே ஆக்களை ஏத்துற லோஞ்ச் படகில ஏறி நெடுந்தீவுக்கும் போய், ஆர் ஆர் வள்ளம் வைச்சிருக்கினம் எண்டு விசாரிச்சிருக்கிறாங்கள். வள்ளத்து நம்பர்க் கதையை ஆரோ சொல்லிப்போட்டினம் எண்டது விளங்கினது. இனி அவங்கள் சூசை அண்ணை வீட்டுக்கு வர நாள் பாக்கிற அலுவல் மட்டும்தான் மிச்சம்.

அடுத்தநாள் காலமை லோஞ்சில சூசை அண்ணையின்ர மனிசி திரேசம்மா வந்திறங்கினா. துறை நிறையச் சனம். பஸ்காரர், மீன் எடுக்க வந்தவை, லோஞ்சுக்கு நிண்டவை. அவ நேர என்ர பலகையடிக்கு வந்து சட்டைக்குள்ள இருந்து ரிக்கற்றை எடுத்தா. "இதுதான் அந்த 417. எங்களுக்குத்தான் விழுந்தது. எல்லாரும் பாருங்கோ!" எண்டு கத்தினா. கந்தையா அண்ணை அதை வாங்கி நம்பரைச் சத்தமா வாசிச்சார். திருப்பி வாங்கின திரேசம்மா ரெண்டாக் கிழிச்சா, நாலாக் கிழிச்சா, பொடிப்பொடியாக் கிழிச்சுக் கடலில எறிஞ்சா.

"ஐயோ, விசரி!" எண்டு கத்திக்கொண்டு நான் ஓடினனான். ஓடி என்ன, அது பாசிக்குள்ள மிதக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது. எத்தினை வருசம் வித்தும் என்ர கையால விழுந்த ஒரேயொரு முதற்பரிசு அது. அவ அழேல்லை. சனத்தைப் பாத்துச் சொன்னா: "கண்டிட்டியள்தானே? எங்கட வீட்டில எடுக்க இனி ஒண்டுமில்லை. கேக்கிறவைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

பாதை திறந்த பிறகு

கேக்கிறவைக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. அந்த மோட்டார் சைக்கிள் பிறகு வரவேயில்லை. சூசை அண்ணை கடலுக்குப் போனார், வந்தார், ரிக்கற் மட்டும் வாங்கேல்லை. எனக்கு முன்னால வரேக்க தலையைக் குனிஞ்சுகொண்டு போவார். நானும் கூப்பிடேல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில சண்டை முடிஞ்சு பாதை திறந்து, துறையில சனம் நெருக்கத் துவங்கின நேரம் ஒருநாள் வந்து நிண்டார். கண் சிவப்பு மாறி வெள்ளையாக் கிடந்தது. "நித்திரை எப்பிடி அண்ணை?" எண்டு கேட்டன். "குறட்டை எண்டு மனிசி ஏசுறாள்" எண்டார். ரிக்கற் ஒண்டு வேணுமெண்டார். பழக்கதோசத்தில என்ர கை 417 ஐத்தான் எடுத்தது. மனிசன் ரெண்டடி பின்னால வைச்சார்.

"அதை வையும் தங்கச்சி. விழாத நம்பரா ஒண்டு பாத்துத் தாரும்."

பாத்துக் குடுத்தன், விழேல்லை. நான் வித்ததுக்குள்ள, வாங்கின ஆள் கேட்டதை அப்பிடியே குடுத்த ரிக்கற் அந்த ஒண்டுதான். ஆனா அதைச் சொல்லி இன்னொரு ரிக்கற் விக்க ஏலாது.