மேல் டிவிஷனுக்கு நான் ஏறிய விதம்

மாட்டுங்காவின் சிமெண்ட் மைதானத்தில் கூடைப்பந்து ஆடி முழங்காலைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். நானும் ஒருவன். இனிமேல் குதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இணையத்தில் ஒரு கூடைப்பந்து விளையாட்டில் சேர்ந்தேன். அதில் நாம் ஆட வேண்டாம், ஒரு டீமுக்கு மேனேஜராக இருக்க வேண்டும். கற்பனை ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, பயிற்சி கொடுத்து, யார் எந்த இடத்தில் ஆடுவது என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் நடத்திக்கொள்ளும். சீசன் கடைசியில் இறுதிப் போட்டியில் ஜெயிப்பவன் மேல் டிவிஷனுக்குப் போவான். நான் ஆறு வருடமாக ஏறவில்லை. முலுண்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கடிதம் எழுதும் கிளார்க் நான், அங்கேயும் ஏறவில்லை. ஆபீசைச் சகித்துக்கொண்டேன். இதைச் சகிக்க முடியவில்லை.

அதே டிவிஷனில் ஒரு தாராவிக்காரன் இருந்தான். சின்ன வயதில் ரயில்வே பாலம் ஏறி இறங்கி எங்களோடு ஆட வருவான். இப்போது பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். என்னைவிட நாலு வயது இளையவன், என்னை அண்ணாச்சி என்பான். அவனை இந்த விளையாட்டில் சேர்த்துவிட்டதே நான்தான். தோற்கடிக்க ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் சேர்த்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. எண்களை வைத்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான். யாரும் சீண்டாத ஒரு நெட்டையனை அடிமாட்டு விலைக்கு எடுத்து, எட்டு சீசன் பயிற்சி கொடுத்து, டிவிஷனிலேயே சிறந்த சென்டராக ஆக்கியிருந்தான். இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு வராது. பாங்க் கடிதமோ மகளின் பள்ளிக்கூடக் கடிதமோ, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்துவிடும். நான் எழுதிக் கொடுப்பேன். எழுதும்போது கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்வேன்.

போன வருடம் இறுதிப் போட்டிக்கு வந்தது அவனும் நானும். அதே வாரம் அவன் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் போனைத் தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தான். ரயிலேறும் முன் வந்தான்.

"அண்ணாச்சி, பாஸ்வேர்டு இதாம். நம்ம டீமையும் நீங்களே போட்ருங்க. சென்டர முத ஆளா எறக்குங்க, ஆட்டத்த மெதுவா ஓட்டச் சொல்லுங்க. அம்புட்டுதாம்."

"எதிராளிகிட்டயே குடுக்கறயேடா?"

"க்யா அண்ணாச்சி, நீங்க எதிராளியா?" என்று சிரித்தான்.

அவன் சொன்னதை என் போனிலேயே அப்படியே குறித்தேன். அந்த அளவில் நான் யோக்கியன். பிறகு அதே போனில் என் டீமைத் திறந்து, அவன் சென்டர்மேல் இரண்டு பேரை ஏவி, ஆட்டத்தை வேகமாக ஓட்டச் சொன்னேன். நாலு பாயிண்டில் ஜெயித்தேன். லோக்கல் ரயிலில் நின்றபடி முடிவைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அவன் ஊரிலிருந்து திரும்பிய அன்று இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் வந்தது, விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து. இரண்டு டீமும் ஒரே போனில் திறக்கப்பட்டிருக்கின்றன, இது விதிமீறல், விளக்கம் கொடுங்கள், தவறு செய்தவரின் டீம் நீக்கப்படும். விபூதிப் பொட்டலமும் போனுமாக வந்து நின்றான்.

"என்னமோ எழுதிருக்கான், படிங்க."

படித்துச் சொன்னேன்.

"நமக்குச் சேத்து நீங்களே எழுதிருங்க. கொடைக்குப் போனேன், அண்ணாச்சிட்ட சொல்லிட்டுப் போனேன்னு உள்ளதச் சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னால் என் டீம்தான் போகும், ஏனென்றால் இரண்டையும் திறந்தவன் நான். அவன் போனில் அவன் பெயரில் இங்கிலீஷில் எழுதினேன்: 'எதிர் டீம் மேனேஜரின் போனை அவருக்குத் தெரியாமல் எடுத்து என் டீமைத் திறந்தேன். தவறு முழுவதும் என்னுடையது. அவரைத் தண்டிக்க வேண்டாம்.' அவனுக்குப் படித்துக் காட்டும்போது கொடை, காப்பு, விரதம் எல்லாவற்றையும் தமிழில் அழகாகச் சொன்னேன். அனுப்பும் பட்டனை அவனே அமுக்கினான். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதங்களில் பிழையில்லாதது அது.

மூன்றாம் நாள் அவன் டீம் நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்களை ஏலத்துக்கு விட்டார்கள். அடுத்த ஞாயிறும் வந்தான். முகம் கறுத்திருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை.

"நம்ம சென்டர மட்டும் நீங்க எடுத்துருங்க அண்ணாச்சி. வேற எவங்கிட்டயும் போயிறக் கூடாது."

எடுத்தேன். அவனுக்காக இல்லை, மேல் டிவிஷனுக்கு எனக்கு ஒரு சென்டர் தேவைப்பட்டது. அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்து, சென்டர் எத்தனை பாயிண்ட் போட்டான் என்று கேட்டுவிட்டுப் போவான். கடிதம் எதுவும் கொண்டுவருவதில்லை. வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

மேல் டிவிஷன் வேறு மாதிரி இருந்தது. கற்பனை ஆட்டக்காரர்களுக்கும் சீசனுக்குச் சீசன் வயது ஏறும், அங்கே அந்த சென்டர் கிழவன். ஆறு ஆட்டம் பார்த்தேன், ஆறும் தோல்வி. ஏழாவது ஆட்டத்துக்கு முன் அவனை நீக்கினேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது, ஆமாம் என்று அமுக்கினேன்.

ஞாயிறு வந்தான். "நேத்து எத்தன பாயிண்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பும் ஆள் என்றுதான் அப்போதும் எண்ணியிருந்தேன். ஆனால் சோம்பேறித்தனம். "அவனை டீம்லேருந்து எடுத்துட்டேன்டா" என்றேன்.

"எடுத்துட்டேன்னா? வேற டீமுக்கா?"

"இல்லை. வயசானவனை ஏலத்துல விட மாட்டாங்க, அழிஞ்சுட்டான். ரெக்கார்டுலயே இருக்க மாட்டான்."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"லெட்டர்ல என்ன எழுதுனீங்கன்னு எம்மவ அன்னைக்கு ராத்திரியே படிச்சிச் சொல்லிட்டா. அதப்பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேனா? அவம் உங்ககிட்ட இருக்கானேன்னுதாம் வாயத் தொறக்கல. அவனயாது வச்சிருக்கப்பிடாதா அண்ணாச்சி?"

உடம்பு கூசியது. அந்த வயதுவரை அப்படிக் கூசி நின்றதில்லை. மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போதுகூட இடம் இருந்தது.

"சம்பளம் ஜாஸ்திடா, கட்டுப்படியாகலை" என்றேன்.