நான் வரைந்த சூரியன்

போன சனிக்கிழமை நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள். பால் பொங்கும் வரைகூட அடுப்படியில் நிற்க முடியாத ஆள் நான். காந்திபுரம் சிக்னலில் வண்டி நின்றால் கால் தானாகத் தாளம் போடும். அப்படிப்பட்டவள் ஒரு சார்ட் பேப்பர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு... நாற்பது நிமிஷம்!

எதற்கு? சொல்கிறேன்.

என் மகள் மித்ராவுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் ஏதாவது வேண்டுமென்றால் வந்து என் மணிக்கட்டைப் பிடிப்பாள். தரதரவென்று இழுத்துப் போய் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் என் கையை வைப்பாள். திறந்தால் தயிர். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். "உன்னை ஒரு சாவி மாதிரி யூஸ் பண்றா" என்று என் கணவர் கிண்டல் செய்வார். இருக்கட்டுமே! என் பெண் நாள் முழுக்க என் கையைத் தேடி வருகிறாள் இல்லையா?

இரண்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் சாயிபாபா காலனியில் ஒரு கலை சிகிச்சை வகுப்புக்குப் போகிறோம். பெயின்ட், களிமண், சின்னச் சின்ன மேளம்... பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒரே ஜமக்காளத்தில். நடத்துகிற தீபா மிஸ்ஸுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "புள்ளை கையப் புடிச்சு வரைய வைக்காதீங்க. அவங்க கூப்பிட்டா மட்டும் சேர்ந்துக்குங்க. அவ்வளவுதானுங்க."

கேட்க எவ்வளவு சுலபம்! மித்ரா நீலத்தில் விரலை முக்கி ஒரே ஒரு கோடு இழுப்பாள். பிறகு வகுப்பு முடியும்வரை ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டிருப்பாள். அடுத்த வாரமும் அதே கோடு, அதே ஜன்னல். எனக்கோ உள்ளுக்குள் புகைச்சல் — இது எப்போதுதான் ஒரு படமாகும்?

அதற்குள் ஓர் அறிவிப்பு. மாதக் கடைசியில் பிள்ளைகள் வரைந்ததைச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். வீட்டிலிருந்தும் கொண்டுவரலாமாம்.

போதாதா எனக்கு? புதன்கிழமை சாயங்காலம் அவளை மடியில் உட்காரவைத்தேன். நீலக் கோடு ஏற்கெனவே போட்டிருந்தாள். "கண்ணு, இதுக்கு மேல ஒரு சூரியன் போடலாமா?" என்று அவள் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சூரியன், இரண்டு மலை, ஒரு தென்னை மரம். அவள் அலற அலற, "இதோ முடிஞ்சுது தங்கம்" என்று சொல்லியே முடித்தும்விட்டேன். வாட்ஸ்அப்பில் போட்டதும் சொந்தபந்தமெல்லாம் கைதட்டியது.

வியாழக்கிழமை காலை ஃப்ரிட்ஜ் முன்னால் வந்து நின்றாள். என்னைத் தேடவில்லை. நானாகவே கையை நீட்டினேன். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தயிரும் வேண்டாம், நானும் வேண்டாம் என்று போயேவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த ஒரே பேச்சு அதுதான். ஒரு தென்னை மரத்துக்காக அதைக் கெடுத்துக்கொண்டேனே! பாத்ரூமில் போய் அழுதேன்.

சனிக்கிழமை வகுப்பில் படத்தை வெளியே எடுக்கவே கூசியது. காரமடையிலிருந்து மகளோடு பஸ்ஸில் வரும் செல்வி என் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, உங்குளுதுலயும் தென்னமரமுங்களா?"

தன் சுருளை விரித்தாள். இரண்டு மலை. நடுவில் சூரியன். ஓரத்தில் தென்னை மரம்! "நாலு பேரு பாக்கறதாச்சேன்னு நானே வரைஞ்சுபோட்டனுங்க" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்குப் பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

தீபா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"கையப் பேப்பர் மேல வெச்சுட்டு சும்மா உக்காருங்க. அவளைக் கூப்பிடாதீங்க."

"வரலைன்னா?"

"அடுத்த வாரமும் வெச்சுட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது. போன் அதிர்ந்தது. கால் மரத்துப்போனது. மித்ரா ஜன்னலில் இருந்தாள். ஒரு தடவை வந்தாள், என் கையைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். கூப்பிட்டுவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மணி பதினொன்றாகப் போகிறது, எல்லோரும் பை எடுக்கிறார்கள்... நானும் எழப் பார்த்தேன்.

"உக்காருங்க்கா!" — செல்வி என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

அப்போதுதான் மணிக்கட்டில் அந்தச் சின்ன விரல்கள். மூச்சுகூட விடவில்லை நான். மித்ரா என் கையைத் தூக்கி நீலத்தட்டில் முக்கினாள். பேப்பரில் வைத்தாள். மேலே தன் உள்ளங்கையால் அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி முக்கினாள். என் முகத்தை இப்போதும் பார்க்கவில்லை. பரவாயில்லை தாயே, நீ கையைப் பார்!

ஏழு நீலக் கைகள், ஏழும் கோணல். அதைத்தான் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டு வந்தேன். செல்விக்கு மட்டும் தென்னை மரத்தை விட மனசில்லை. "நான் வரைஞ்சதுதானுங்களே, என்ற பேருல மாட்டிப்போடுங்க மிஸ்" என்கிறாள்.

அன்று சாயங்காலம் மித்ரா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தயிர் தீர்ந்திருந்தது.

ஓடினேன் பாருங்கள், கடைக்கு... சும்மா உட்காரத் தெரியாதவளுக்கு ஓடவாவது தெரியுமே!